ஸ்டானிஸ்லாஸ் வண்டிக்கு ஜெனான் லைட்

காத்திவாக்கத்தில் டெபோராவைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. புருஷன் வண்டி ஓட்டும்போது முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு மனுஷனைப் பிடுங்கி எடுக்கிறாள், ஒரு நிமிஷம் வாய் மூடுவதில்லை என்று. இதைச் சொல்கிறவர்கள் யாரும் பகலில் அந்த இண்டிகா காரில் ஏறியிருக்க மாட்டார்கள். பகலில் டெபோரா ஜெபமாலையை உருட்டிக்கொண்டு கம்மென்று வருவாள். பொழுது சாய்ந்து, எதிரே வருகிற வண்டிகள் விளக்குப் போட ஆரம்பித்தால்தான் அவளுக்கு வாய் திறக்கும்.

"தோ பாரேன், அந்த சைக்கிள்காரன் எம்மாம் பெரிய மூட்டைய வெச்சிகினு போறான்" என்பாள். ஸ்டானிஸ்லாஸ் ஸ்டீயரிங்கை லேசாக வலப்பக்கம் ஒடிப்பார். "இந்த எடத்துல ஸ்பீடு பிரேக்கர் போட்டவன் நல்லாவே இருக்க மாட்டான்" என்பாள். அவர் கால் பிரேக்குக்குப் போகும். "நடு ரோட்டுல நாயப் பாரு, அதும் அப்பன் வூட்டு ரோடு மாதிரி படுத்துகினு கீது" என்பாள். வண்டி நாயைச் சுற்றிக்கொண்டு போகும்.

"பேசாம வாமே, காது கொடையுது" என்று அவரும் எரிந்து விழுவார். எரிந்து விழுந்துகொண்டே அவள் சொன்னதையெல்லாம் செய்வார். கிட்டத்தட்ட ஒரு வருஷமாக இந்தக் கூத்து நடக்கிறது. அவருக்கு இருட்டில் பார்வை போதவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். ஒருவரிடம் ஒருவர் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. கல்யாணமான நாளிலிருந்து இருவரும் சேர்ந்து செய்த ஒரே திருட்டு அதுதான்.

ஸ்டானிஸ்லாஸ் துறைமுகத்தில் டிரைவராக இருந்தவர். அதிகாரிகளின் கார், சரக்கு வண்டி, கடைசியில் ஆம்புலன்ஸ் என்று எல்லாவற்றையும் ஓட்டிவிட்டு, வேலையை விட்ட கையோடு வந்த பணத்தில் இந்த இண்டிகாவை வாங்கினார். ஒரே பையன் நோயல் கப்பலில் இருக்கிறான். வீட்டில் சும்மா உட்கார அவரால் முடியவில்லை. வாடகைக்கு ஓட்டினார் என்று சொன்னாலும் தெருக்காரர்களுக்கு அவர் ஓட்டியது வேறு காரியத்துக்கு. அங்கே ஆண்கள் பலரும் விசைப்படகில் தங்கல் தொழிலுக்குப் போகிறவர்கள். கடலுக்குள் போனால் ஒரு வாரம், பத்து நாள் ஆகும். வீட்டில் மனைவிக்கு வலி எடுத்தால் கதவைத் தட்ட ஒரு வீடு வேண்டுமே, அது ஸ்டானிஸ்லாஸ் வீடாக இருந்தது. ராயபுரத்துப் பிரசவ ஆஸ்பத்திரிக்கு அவர் வண்டியில் போய்ப் பிறந்த பிள்ளைகள் அந்தத் தெருவில் ஒரு பட்டாளமே இருக்கும். அதில் ஒன்று ஆஸ்பத்திரி வாசல் வரை பொறுக்காமல் பின் சீட்டிலேயே பிறந்தது. அதைப் பார்த்தால் மட்டும் அவர் மிட்டாய் வாங்கித் தருவார். தன் பேரன் மாதிரி ஒரு சொந்தம் கொண்டாடுவார்.

அப்படிப் போகிற நாட்களில் டெபோரா பின் சீட்டில் உட்கார வேண்டும். வலியில் துடிக்கிறவளை யாராவது மடியில் சாய்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும் அல்லவா. இந்த ஒரு வருஷத்தில் ராத்திரியில் யாருக்கும் வலி எடுக்காததால் அவள் அதைக் கணக்குப் பண்ண மறந்துவிட்டாள். மறந்தாளா, வேண்டுமென்றே நினைக்காமல் இருந்தாளா என்பது அவள் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சாமியாரிடம் சொல்ல வேண்டிய விஷயம்.

நினைவுபடுத்தியது ஒரு மீன்கூடை. போன மாதம் ஒரு நாள் அந்தி நேரத்தில் உறவுக்காரக் கிழவி ஒருத்தியை ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுத் திரும்பினார்கள். கிழவிக்கு மயக்கமாக இருந்ததால் டெபோரா பின்னால் உட்கார்ந்து அவளைத் தாங்கிக்கொண்டிருந்தாள். காசிமேட்டைத் தாண்டும்போது 'டப்'பென்று ஒரு சத்தம். இடது பக்கக் கண்ணாடி மடங்கிக்கொண்டது. தலையில் கூடையோடு ஓரமாக நடந்து போன ஒரு அம்மாள் ரோட்டில் உட்கார்ந்திருந்தாள். சங்கரா மீன்கள் தார் ரோடெங்கும் சிதறிக் கிடந்தன.

அடி ஒன்றும் இல்லை. கூடைக்குத்தான் சேதம். ஆனால் அந்த அம்மாள் எழுந்து நின்று கேட்ட கேள்வி டெபோராவின் நெஞ்சில் தைத்தது. "யோவ், கண்ணு இன்னா பொடணியிலயா கீது? ஆம்பள மாதிரி குந்திகினு ஓட்ற, ஓரமா ஆளு போறது தெரியல?"

"லைட்டு மந்தமா கீதுமா" என்றார் ஸ்டானிஸ்லாஸ். சுற்றி நின்றவர்களிடமும் அதையே சொன்னார். டெபோரா குனிந்து ஒவ்வொரு மீனாகப் பொறுக்கி முந்தானையில் துடைத்துக் கூடையில் போட்டாள். முகத்தை மறைத்துக்கொள்ள அவளுக்கு ஒரு வேலை தேவைப்பட்டது.

அடுத்த நாள் கெஞ்சிக் கூத்தாடி அவரைத் திருவொற்றியூரில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடைக்கு அழைத்துப் போனாள். அங்கே எழுத்துப் பலகையைக் காட்டினார்கள். பெரிய எழுத்திலிருந்து அடிவரிசையில் எறும்பு மாதிரி ஊர்கிற எழுத்து வரைக்கும் ஸ்டானிஸ்லாஸ் கடகடவென்று படித்தார். கடைக்காரர் கைதட்டாத குறை. "இந்த வயசுல இப்பிடி ஒரு பார்வையா! கண்ணாடியே வேணாம் சார்" என்றார். எதற்கும் பெரிய ஆஸ்பத்திரியில் ஒருமுறை காட்டுங்கள் என்று அவர் பின்னால் சொன்னதை ஸ்டானிஸ்லாஸ் காதில் வாங்கவில்லை.

"பாத்தியா? கண்ணுல இன்னா கோளாறு? லைட்டுதான் மெழுகுவத்தி மாதிரி எரியுது. கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்" என்றார் வெளியே வந்து. டெபோரா அதை நம்பினாள். நம்ப வேண்டும் என்று ஆசைப்பட்டு நம்பினாள். அப்படி நம்புவதற்கும் நிஜமாக நம்புவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அவள் பர்சுக்குள் இருந்த வெள்ளிக் கண்ணே அதற்குச் சாட்சி.

கண் நேர்ச்சைக்காக வெள்ளித் தகட்டில் செய்த ஜோடிக் கண் அது. பழைய வண்ணாரப்பேட்டையில் வாங்கி மூன்று மாதம் ஆகிவிட்டது. மாதா கோயில் உண்டியலில் போட வேண்டும். போட்டால் யாராவது பார்ப்பார்கள், யாருக்குக் கண் சரியில்லை என்று கேட்பார்கள். கேட்டால் தெருவுக்கே தெரிந்துவிடும். அதனால் மாதாவுக்குப் போக வேண்டியது பர்சின் ஜிப்புக்குள்ளேயே கிடந்தது. அவருக்குத் தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இதற்கிடையில் எதிர்வீட்டு ஞானசெல்விக்கு நாள் நெருங்கியது. அவள் புருஷன் துரை கடலுக்குள் இருந்தான். குழந்தை குறுக்கே கிடக்கிறது, வலி கண்டால் உடனே கிளம்பி வந்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா அவளை மிரட்டி அனுப்பியிருந்தார். ஞானசெல்விக்குப் பயம். ஆனால் ஸ்டானிஸ்லாஸ் அவள் வாசலில் நின்று சிரித்துக்கொண்டே, "நான் ஒருத்தன் கீறேன் இல்ல? எந்நேரமா இருந்தாலும் ஒரு குரல் குடு. எக்ஸ்பிரஸ் ரோட்டுல பறந்துகினு போயிடலாம்" என்று சொல்லிவிட்டார். அந்த ரோட்டில் துறைமுகத்துக்குள் நுழைய முறை வராமல் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும். பேட்டரி இறங்கிவிடும் என்று டிரைவர்கள் பின் விளக்கைக்கூட அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். இருட்டோடு இருட்டாக இரும்பு நிற்கும்.

வீட்டுக்குள் வந்ததும் ஸ்டானிஸ்லாஸ் தானாகவே சொன்னார். "ஜெனான் லைட்டு போட்றலாம்மே. அந்தப் பொண்ணு வேற நம்பிகினு கீது."

"போட்றலாம்யா" என்றாள் அவள் அவசரமாக. மூழ்குகிறவளுக்குக் கட்டை கிடைத்த மாதிரி இருந்தது அவளுக்கு.

மறுநாள் மாலை நான்கு மணிக்கெல்லாம் திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில் வல்லரசுவின் கடைக்குப் போய்விட்டார்கள். வல்லரசு முப்பது வயசு ஆள். சிவப்பு பனியன், வாயில் எப்போதும் ஒரு பாட்டு. சீட் கவர், ஹாரன், பாட்டுப் பெட்டி, விளக்கு என்று காருக்கு அலங்காரம் பண்ணுகிற தொழில். வாடிக்கையாளரிடம் அண்ணன், நைனா, தோஸ்து என்று ஆளுக்குத் தகுந்தபடி உறவு கொண்டாடுவான்.

"இது சாதா பல்பு மாதிரி இல்ல நைனா. உள்ள கம்பியே கெடையாது, கேஸ்தான். டியூப் லைட்டுக்கு சோக்கு கீது இல்ல, அதே மாதிரி இதுக்கும் சோக்கு கீது. போட்டா ராத்திரி பகலாயிடும்" என்று பெருமையடித்துக்கொண்டே மூன்று பல்புகளை ஒரு பழைய பேட்டரியில் மாட்டி மேஜைமேல் எரிய விட்டான். மூன்றும் முதலில் ஊதாவாக நடுங்கின. பிறகு ஒன்று லேசான மஞ்சள் கலந்த வெள்ளையாகவும், ஒன்று பால் வெள்ளையாகவும், ஒன்று நீலமாகவும் நிலைத்தன.

"நீலத்தப் போடு நைனா. மாதா செலைக்குப் பின்னாடி போடுவீங்களே, அத்தே மாதிரி கீது பாரு. இப்ப எல்லாரும் அத்தத்தான் கேக்கறானுங்க."

"மாதாவுக்கு நீலம் சரி. ரோட்டுக்கு ஆவாது" என்றார் ஸ்டானிஸ்லாஸ். பக்கத்துக் கடையில் கொதிக்கக் கொதிக்க ஒரு டீ வரவழைத்தார். குடிக்கவில்லை. கிளாஸைக் கொண்டுபோய் நீல விளக்குக்கு முன்னால் பிடித்தார். ஆவி வெள்ளைத் திரை மாதிரி எழுந்து, பின்னால் மாட்டியிருந்த காலண்டரை மறைத்தது. அடுத்து பால் வெள்ளைக்கு முன்னால் பிடித்தார். திரை கொஞ்சம் மெலிந்தது. கடைசியாக மஞ்சள் கலந்ததற்கு முன்னால் பிடித்தபோது ஆவி இருக்கிற இடமே தெரியவில்லை. காலண்டரில் தேதி தெரிந்தது.

"மார்கழியில எண்ணூருக்கு வந்து பாரு. ஆத்துப் பனியும் அனல் மின் நிலையத்து சாம்பலும் சேந்து இப்பிடித்தான் நிக்கும். நீலம் போட்டவன் செவுத்துல முட்டிகினு சாவான். இத்த மாட்டு" என்றார். வல்லரசு 'அடேங்கப்பா' என்று சிரித்துவிட்டு அந்த டீயைத் தானே எடுத்துக் குடித்தான்.

டெபோராவுக்குப் பெருமை தாங்கவில்லை. இந்த மனுஷனுக்கா கண்ணில் கோளாறு? இத்தனை நுணுக்கமாகப் பார்க்கிறவருக்கா? அந்த மீன்காரி என்ன கண்டாள்? விளக்குதான் மந்தம், கர்த்தரே, விளக்கு மட்டும்தான் மந்தம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

வேலை நடந்தது. வல்லரசு பேட்டரி ஒயரைக் கழற்றினான். பழைய பல்புகளைப் பிடுங்கி அவள் கையில் கொடுத்தான். விளக்கின் பின்பக்க ரப்பர் மூடியில் ஓட்டை போட்டு ஒயரை நுழைத்தான். சோக்குப் பெட்டி இரண்டையும் அதிராத இடமாகப் பார்த்து முடுக்கினான். புதுப் பல்பின் கண்ணாடியில் விரல் படாமல், குழந்தையைத் தொட்டிலில் போடுகிற பதத்தில் உள்ளே இறக்கினான். ஸ்டானிஸ்லாஸ் பக்கத்திலேயே நின்று, "ஒயர் ரேடியேட்டர் மேல படாம கட்டு, அப்பால உருகிடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாம் முடிவதற்குள் இருட்டிவிட்டது. விளக்கைப் போட்டதும் தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

"அவ்ளோதான் நைனா. எடுத்துகினு போ."

"எங்க எடுத்துகினு போறது? லைட்ட செவுத்துல அடிச்சி, ஒயரம் பாத்து எறக்கிக் குடு."

"எவன் நைனா எறக்கறான்? எல்லாம் தூக்கி வெச்சிகினுதான் போறானுங்க."

"அதான்டா எங்கண்ணுல குத்தறானுங்க. எதிர்ல வர்றவனும் புள்ளகுட்டிக்காரன். அவன் கண்ண அவிச்சிட்டு நான் இன்னா ஓட்டறது?" என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

இந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்குத் தப்பித்திருப்பார். வண்டியை எடுத்துக்கொண்டு, டெபோராவின் பேச்சைத் துணைக்கு வைத்துக்கொண்டு, வீடு போய்ச் சேர்ந்திருப்பார். நல்ல டிரைவராக இருந்ததுதான் அவரைக் காட்டிக்கொடுத்தது.

கடைக்குப் பின்னால் ஒரு சந்து. அதன் முடிவில் மூடிக் கிடக்கும் ஒரு கிடங்கின் நீளமான சுவர். வல்லரசு வண்டியைச் சுவருக்கு நேராக நிறுத்திவிட்டு இறங்கினான். டிம், பிரைட் மாற்றுவதற்காக ஸ்டானிஸ்லாஸ் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். டெபோரா வழக்கம்போல் பக்கத்தில் உட்கார்ந்தாள். விளக்கு எரிந்தது.

அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் பார்த்ததில்லை. சுவரின் ஒவ்வொரு செங்கலும் தெரிந்தது. போன தேர்தலுக்கு எழுதிய சின்னம் தெரிந்தது. இடது பக்கம் விரிசலில் முளைத்த அரசங்கன்றின் இலை நரம்புகூடத் தெரிந்தது. அவளுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. ஞானசெல்வியை மடியில் சாய்த்துக்கொண்டு பயமில்லாமல் போகலாம் என்று நினைத்தாள்.

"தெரியுதாயா?"

"ஜோரா தெரியுதுமே. பகலு மாதிரி கீது." அவர் முகமெல்லாம் சிரிப்பு. ஸ்டீயரிங்கில் விரலால் தாளம் போட்டார்.

வல்லரசு சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தான். வலது விளக்கின்மேல் ஒரு கோணிப்பையைப் போட்டு மூடினான். பிறகு இடது பக்கமாகச் சுவரோரம் போய், அரசங்கன்றுக்குப் பக்கத்தில் உள்ளங்கையைப் பதித்து நின்றான்.

"நைனா, லெஃப்ட்டு லைட்டு தூக்கலா கீதா பாரு. என் கைக்கு மேல அடிக்குதா, கீழ அடிக்குதா?"

"கைய வெய்டா, சொல்றேன்."

"வெச்சிகினுதான் நைனா கீறேன்" என்று வல்லரசு சிரித்தான். வேடிக்கை பண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டான்.

ஸ்டானிஸ்லாஸ் முன்னால் குனிந்தார். நேர் எதிரே சுவரைப் பார்த்தார். பிறகு தலையை மெதுவாகத் திருப்பினார். தேர்தல் சின்னம் வரை வந்து நின்றது அவர் பார்வை. திரும்பவும் நடுவுக்குப் போனது. இந்தப் பக்கம் வலதில் தேடியது. இருட்டு அறையில் ஸ்விட்சைத் தடவித் தேடுகிற மாதிரி, பட்டப்பகல் போன்ற அந்த வெளிச்சத்தில் சிவப்பு பனியன் போட்ட ஒரு முழு ஆளை அவர் தேடினார்.

டெபோரா அவர் கண் போன போக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருட்டில் தெரியவில்லை என்றுதான் இத்தனை நாளாக நினைத்திருந்தாள். இருட்டு இல்லை இது. அந்த எழுத்துப் பலகை நேர் எதிரே இருந்தது, படித்தார். டீ கிளாஸ் கண்ணுக்கு நேரே இருந்தது, பார்த்தார். ஓரத்தில் நடந்து வந்த மீன்காரி ஓரத்தில் இருந்தாள். ஓரம் என்று ஒன்று அவருக்கு இல்லவே இல்லை. எந்தக் கடையில் எந்த விளக்கை வாங்கினாலும் அது அங்கே போய் எரியப் போவதில்லை.

அவர் தேடுவதை நிறுத்தினார். அவள் பக்கம் திரும்பவில்லை. சும்மா காத்திருந்தார். அந்தக் காத்திருப்பு அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு வருஷமாக ஒவ்வொரு ராத்திரியும் பார்த்ததுதான். அவள் வசனத்துக்காகக் காத்திருக்கிறார்.

வசனம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. 'அவன் கை வெச்சிகினு கீற எடத்துல பாரேன், செவுத்துலயே அரசமரம் மொளச்சி கீது' என்று சொன்னால் போதும். டக்கென்று பிடித்துக்கொள்வார். 'பேசாம இருமே' என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டு, 'ஒரு சாண் கீழ எறக்குடா' என்பார். எல்லாம் பழையபடி நடக்கும். நாளைக்கோ மறுநாளோ ஞானசெல்வி கதவைத் தட்டுவாள். டெபோரா பின் சீட்டில் உட்கார்ந்து அவளைப் பிடித்துக்கொள்வாள். முன் சீட்டு காலியாக இருக்கும். விளக்கில்லாத கண்டெய்னர்கள் ஓரமாக நிற்கும்.

டெபோரா வாயை இறுக மூடிக்கொண்டாள். பர்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வாழ்க்கையில் அவள் எத்தனையோ பேசியிருக்கிறாள். பேசாமல் இருப்பது இவ்வளவு கொடுமை என்று அப்போதுதான் தெரிந்தது. பக்கத்தில் இருப்பவரைத் தண்ணீரில் தள்ளிவிட்டுக் கரையில் உட்கார்ந்திருப்பது போல் இருந்தது.

"டெபோரா" என்றார் அவர். பேர் சொல்லி அவர் கூப்பிட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சொல்லேன்."

"நான் சொல்ல மாட்டேன்யா" என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "என்னால சொல்ல முடியாது. அந்தப் பொண்ணு புள்ளத்தாச்சிய்யா."

ஸ்டானிஸ்லாஸ் கோபப்படுவார் என்று நினைத்தாள். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கையை நீட்டி விளக்கை அணைத்தார். சந்து இருண்டது.

"இன்னா நைனா, ஆஃப் பண்ணிட்ட?" என்று வல்லரசு சுவரோரமிருந்து கத்தினான்.

ஸ்டானிஸ்லாஸ் விளக்கைத் திரும்பப் போட்டுவிட்டு இறங்கினார். "நீயே பாத்து எறக்கிடுப்பா. எதிராளி கண்ணுல அடிக்காத மாதிரி. அப்பால, வூடு வரைக்கும் நீயே ஓட்டிகினு வந்து வுட்டுட்டுப் போ. எனக்கு கையி வலிக்குது" என்றார். அவன் 'அதுக்கின்னா நைனா' என்றான். டிரைவர் சீட்டின் கதவைத் திறந்து வைத்துவிட்டு, ஸ்டானிஸ்லாஸ் தன் சொந்த வண்டியின் பின் கதவைக் கையால் தடவித் திறந்தார். அந்த வண்டி வந்த நாளிலிருந்து அவர் பின் சீட்டில் உட்கார்ந்ததில்லை. எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் தடுமாறினார். டெபோராவும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

வல்லரசு பாடிக்கொண்டே ஓட்டினான். எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஏறியதும் ஜன்னல் வழியாக உப்புக் காற்று அடித்தது. ஸ்டானிஸ்லாஸ் முன்னால் இருப்பவனுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"இன்னா தெரியுது?"

டெபோரா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள். ஜாடை இல்லாமல், திட்டு இல்லாமல், உள்ளதை உள்ளபடியே சொன்னாள். "லெஃப்ட்டுல கண்டெய்னரு லைனா நிக்குது. ஒண்ணுக்கும் லைட்டு இல்ல. ஒருத்தன் வண்டிக்கு அடியில ஸ்டவ்வு வெச்சி சோறு பொங்கறான். பக்கத்துல ஒரு நாயி குந்திகினு கீது."

"ரைட்டுல?"

"கல்லு கொட்டி வெச்சி கீது. அதுக்கு அந்தாண்ட கடலு. அலை ஒடையறது வெள்ளையா தெரியுது."

"லைட்டு எம்மாந்தூரம் போவுது?"

"கடைசி வண்டி வரைக்கும் போவுதுயா. அதோட நம்பர் பிளேட்டு கூட தெரியுது."

"நல்ல லைட்டுதான்" என்றார். மனசாரச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து அவர் கை அவள் மடியில் இருந்த பர்சின்மேல் வந்து நின்றது. "இதுக்குள்ள ஒரு வெள்ளிக் கண்ணு வெச்சிகினு சுத்தறியே. ஞாயித்துக்கெழம பூசைக்குப் போவசொல்ல போட்டுடு. யாராச்சும் கேட்டா என் பேரச் சொல்லு."

அவர் தோளில் சாய்ந்துகொண்டு சத்தமில்லாமல் அழுதாள். அவர் முன்னால் பார்த்தபடியே வந்தார்.

தெருவுக்குள் வண்டி நுழைந்ததும் ஒரே ஆரவாரம். வலை காயப்போட்டிருந்த கயிறு, தண்ணீர்க் குடங்கள், கவிழ்த்து வைத்த படகு எல்லாம் பளிச்சென்று எழுந்து நின்றன. வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். வல்லரசுவுக்கு உற்சாகம் வந்து, எஞ்சினை நிறுத்தாமல் விளக்கை எரிய விட்டு விளம்பரம் பண்ணினான். ஞானசெல்வி இடுப்பில் கை வைத்தபடி வாசலுக்கு வந்தாள். வெளிச்சம் பொறுக்காமல் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு சிரித்தாள்.

"இன்னா மாமா, ஷூட்டிங்கா நடக்குது? யப்பா, இன்னா வெளிச்சம்! இனிமே எனக்கு பயமே இல்ல."

ஸ்டானிஸ்லாஸ் இறங்கி அவள் வாசலுக்குப் போனார். அது அவர் காலுக்குப் பழகிய பாதை. டெபோரா பின்னாலேயே போனாள். ஞானசெல்வியின் முகத்தில் வியர்வை மினுமினுப்பதுகூட அந்த வெளிச்சத்தில் தெரிந்தது.

"ஞானசெல்வி, பின் தெரு இருதயம்மா மருமவன் வேனு வெச்சிகினு கீறான் இல்ல? அவனுக்கு இப்பவே சொல்லி வெச்சிடும்மா. நானும் சொல்றேன். நம்ப வண்டிய நம்பிகினு இருக்காத."

"இன்னா மாமா இப்பிடி சொல்ற? நீதான வர்றேன்னு..." அவள் சிரிப்பு அப்படியே நின்றது. "வண்டிக்கு இன்னா?"

"லைட்டு சரியில்லமா" என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

தெருவே கண் கூசி நின்றுகொண்டிருந்தது. ஞானசெல்வி விளக்கைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அவர் தன் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை, தன் தோளுக்கு மேலே எங்கோ கதவு நிலையைப் பார்த்துப் பேசுகிறார் என்பதை அப்போதுதான் கவனித்தாள். டெபோராவைத் திரும்பிப் பார்த்தாள். டெபோரா தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரி மாமா. சொல்லி வெச்சிக்கிறேன்" என்றாள் ஞானசெல்வி. பிறகு குனிய முடியாத உடம்போடு கொஞ்சம் முன்னால் வந்து, அவர் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். அவர் பெருவிரலால் அவள் நெற்றியில் சிலுவை போட்டார். வலி கண்டவர்களை வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால் அவர் எப்போதும் செய்கிற காரியம் அது.

வல்லரசு விளக்கை அணைத்துவிட்டு, சாவியைக் கொண்டுவந்து நீட்டினான். ஸ்டானிஸ்லாஸ் கை நீட்டவில்லை. டெபோரா வாங்கிப் பர்சுக்குள் போட்டாள். அத்தனை வெளிச்சத்துக்குப் பிறகு தெரு முன்னைவிட இருட்டாக இருந்தது. வீட்டை நோக்கி நடந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் இன்னும் கலையவில்லை.

வாசலுக்கு வந்ததும் டெபோரா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"படி" என்றாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "ரெண்டு படி கீது. பாத்து ஏறு."

காது குடைகிறது என்று அவர் சொல்லவில்லை. காலைத் தூக்கி முதல் படியில் வைத்தார்.